எட்டாத் தீவுகளில் உயிரினக் கணக்கெடுப்பு

திட்டமிடுதலுக்கு அடிப்படை புள்ளிவிவரம். மக்கள் தொகையை எண்ணுகிறோம், விளைச்சலை மதிப்பிடுகிறோம், கால்நடைகளுக்கும் கணக்கெடுப்பு உண்டு. ஆனால், கரையிலிருந்து ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், துறைமுகமோ பாதையோ இல்லாத ஒரு தீவில், ஒரு பறவை இனம் எத்தனை எண்ணிக்கையில் வாழ்கிறது என்ற வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. அவ்விடை முழுமையாகக் கிடைக்கும் முன்பே அத்தீவைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலை நிர்வாகத்திற்குப் பல முறை ஏற்பட்டிருக்கிறது.

நமது நாட்டின் பாதுகாக்கப்பட்ட கடல் தீவுகளில் உயிரினங்களை எண்ணுவதும் படம் பிடிப்பதும் எவ்வாறு நடைபெறுகின்றன, அவற்றால் நாட்டுக்குக் கிடைத்துள்ள பயன் யாது, இனி செய்ய வேண்டியது யாது என்பவற்றை அந்தமான்-நிக்கோபார் தீவுகளின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுகளின் தனித்தன்மை

புது தில்லியிலிருந்து ஏறத்தாழ 2,500 கிலோ மீட்டர் தொலைவில் வங்கக் கடலில் அமைந்துள்ள இத்தீவுக் கூட்டத்தின் பரப்பு 8,249 சதுர கிலோ மீட்டர். 2011ஆம் ஆண்டின் கணக்குப்படி மக்கள் தொகை 3,80,581. நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு. தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. மனிதர் குடியிருக்கும் தீவுகள் சிலவே. எஞ்சியவற்றில் பல, சரணாலயங்களாகவோ தேசியப் பூங்காக்களாகவோ அறிவிக்கப்பட்டவை.

கடலால் பிரிக்கப்பட்ட நிலத்தில் உயிரினங்கள் நெடுங்காலம் தனித்து வாழ்ந்து தனி இனங்களாக மாறுகின்றன. இதனால் தீவுகளில் வேறெங்கும் காணக்கிடைக்காத இனங்கள் மிகுதி. ஆனால் இதே காரணத்தால் அவை எளிதில் அழியக்கூடியவையும் ஆகும். பெருநிலத்தில் ஒரு காட்டை இழந்த பறவை அடுத்த காட்டுக்குப் பறந்து செல்லலாம். தீவுப் பறவைக்கு அடுத்த காடு இல்லை. எலி, பூனை, ஆடு போன்றவை வெளியிலிருந்து வந்து சேர்ந்தால், தற்காப்பு அறியாத தீவு உயிர்கள் சில ஆண்டுகளிலேயே குன்றிவிடுகின்றன. உலக அளவில் கடந்த சில நூற்றாண்டுகளில் அழிந்துபோன பறவை இனங்களில் பெரும்பாலானவை தீவுகளில் வாழ்ந்தவையே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

நார்கொண்டம் தரும் பாடம்

வட அந்தமானுக்குக் கிழக்கே தன்னந்தனியாக நிற்கும் எரிமலைத் தீவு நார்கொண்டம். இதன் பரப்பு ஏறத்தாழ 6.8 சதுர கிலோ மீட்டர். உயரம் 710 மீட்டர். போலீஸ் காவல் நிலையம் ஒன்றைத் தவிர இங்குக் குடியிருப்பு இல்லை. உலகில் இத்தீவில் மட்டுமே வாழும் நார்கொண்டம் இருவாசிப் பறவையை 1873ஆம் ஆண்டில் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அறிவியல் உலகுக்கு விவரித்தார். பின்னாளில் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்தவரும் இவரே. 1977ஆம் ஆண்டில் தீவு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இப்பறவையின் எண்ணிக்கை சில நூறு என்பதே நெடுங்காலம் வழங்கிவந்த மதிப்பீடு. 2019-20ஆம் ஆண்டுகளில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தீவில் தங்கி ஆராய்ந்து, சதுர கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 150 வீதம், மொத்தம் ஏறத்தாழ 1,000 பறவைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டனர். இதைக் கண்டு பறவைகள் இரு மடங்காகப் பெருகிவிட்டன என்று முடிவு கட்டுவது தவறு. எண்ணும் முறை மாறினால் விடையும் மாறும்.

இவ்வகை மதிப்பீட்டுக்குப் பயன்படும் முறை எளிமையான கருத்தை அடிப்படையாகக் கொண்டது. காட்டில் நேர்க்கோட்டுப் பாதைகள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் வழியே ஆய்வாளர் மெல்ல நடக்கிறார். கண்ட ஒவ்வொரு பறவையும் பாதையிலிருந்து எத்தனை மீட்டர் விலகி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்கிறார். பாதைக்கு அருகிலுள்ளவை பெரும்பாலும் கண்ணில் படும். விலக விலகத் தவறவிடுவது கூடும். தூரம் கூடக்கூடக் காட்சி எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்கிட்டால், தவறவிடப்பட்டவை எத்தனை என்பதையும் மதிப்பிட முடியும். பயிர் மதிப்பீட்டில் சில மாதிரி வயல்களை அறுவடை செய்து மாவட்ட விளைச்சலைக் கணிப்பது போன்றதே இது.

இம்மதிப்பீடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நார்கொண்டத்தில் ராடார் நிலையமும் அதற்குரிய மின் வசதியும் அமைக்கக் கடலோரக் காவல் படை அனுமதி கோரியபோது, 2012ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. 2014ஆம் ஆண்டில் அனுமதி அளிக்கப்பட்டது. நாட்டின் பாதுகாப்பும் ஓர் இனத்தின் வாழ்வும் ஒரே கோப்பில் எதிரெதிராக நின்றன. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால், எத்தனை பறவைகள், எந்த மரங்களில் கூடு, எந்த மாதங்களில் இனப்பெருக்கம் என்ற விவரங்கள் கையில் இருந்தால்தான், எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு மரம் வெட்டலாம் என்ற நிபந்தனையை எழுத முடியும். விவரமற்ற அனுமதியும் விவரமற்ற மறுப்பும் ஒன்றே.

கலாத்தியாக் கடற்கரையில் ஆமைக் கணக்கு

கடலாமைகளில் மிகப் பெரியது தோணி ஆமை. முதுகில் ஓடுவதுபோல் நீண்ட மேடுகள் ஏழு உள்ளதால் ஏழுவரி ஆமை என்றும் கூறுவர். ஓட்டுக்குப் பதிலாகத் தடித்த தோல் போர்த்த உடல். பல நூறு கிலோ எடை. பங்குனி ஆமைகள் தமிழ்நாட்டுக் கரைக்கு வருவதுபோல் இவை வருவதில்லை. இந்தியாவில் இவை குறிப்பிடத்தக்க அளவில் முட்டையிடுவது அந்தமான்-நிக்கோபார் கரைகளில் மட்டுமே. அவற்றுள் தலையாயது பெரிய நிக்கோபார் தீவின் தென்பகுதியிலுள்ள கலாத்தியா வளைகுடா.

ஆமைக் கணக்கில் பொருளாதார மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு வேறுபாடு உண்டு. அது இருப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. கரையில் நாம் எண்ணுவது கூடுகளை. அது ஓட்டம். நமக்கு வேண்டியதோ கடலில் உள்ள ஆமைகளின் இருப்பு. ஒரு பெண் ஆமை ஒரே பருவத்தில் ஏறத்தாழ பத்து நாள் இடைவெளியில் பல முறை கரையேறி முட்டையிடும். பிறகு இரண்டு, மூன்று ஆண்டுகள் வராது. ஆண் ஆமை கரைக்கே வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு பருவத்தில் 600 கூடுகள் எண்ணப்பட்டன என்று கொள்வோம். ஒரு பெண் ஆமை சராசரியாக 6 கூடுகள் இடுமானால், அவ்வாண்டு வந்தவை 100. அவை மூன்றாண்டுக்கு ஒரு முறை வருவனவானால், முட்டையிடும் பெண் ஆமைகளின் இருப்பு 300. இரண்டாண்டுக்கு ஒரு முறையானால் 200 மட்டுமே. ஆகவே, ஓர் ஆண்டின் எண்ணிக்கையைக் கொண்டு ஆமைகள் கூடின என்றோ குறைந்தன என்றோ கூறுவது பொருளற்றது. குறைந்தது பத்தாண்டுத் தொடர்க் கணக்கு வேண்டும். ஆமைகளை அடையாளம் காண, அவற்றுக்குக் குறியடையாளம் பொருத்தப்பட வேண்டும்.

இத்தொடர்க் கணக்கின் அருமையை 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப் பேரலை உணர்த்தியது. நிலநடுக்கத்தால் பெரிய நிக்கோபாரின் தென் முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. முட்டையிடும் மணற்பரப்பு மறைந்தது. கரையில் ஆய்வுக்காக முகாமிட்டிருந்தவர்களும் உயிரிழந்தனர். அத்துடன் அவ்விடம் ஆமைகளுக்கு முடிந்துபோனது என்று பலரும் கருதியிருக்கக்கூடும். ஆனால் கண்காணிப்பு கைவிடப்படவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் மணற்கரை மீண்டும் உருவாகி, ஆமைகள் மீண்டும் வந்து முட்டையிட்டது பதிவாயிற்று.

நிக்கோபார் மெகபோட் பறவையின் கதையும் இத்தகையதே. இப்பறவை அடைகாப்பதில்லை, கரையோரத்தில் மணலும் இலைச் சருகும் சேர்த்து மேடு கட்டி, அது மக்கும்போது எழும் வெப்பத்தில் முட்டை பொரிக்கவிடும். பேரலைக்குப் பின் இந்திய வனவிலங்கு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பு, இப்பறவை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. 1990களில் ரவி சங்கரன் தீவு தீவாகச் சென்று எண்ணி வைத்திருந்ததால்தான் இந்த இழப்பை அளக்க முடிந்தது. முன்கணக்கு இல்லாத இனம் அழிந்தாலும் அதற்கு இழப்புக் கணக்கு இராது.

தனி மனித உழைப்பு

நிறுவனங்கள் வேரூன்றும் முன்பே இப்பணிக்கு அடித்தளமிட்ட தனி மனிதர்கள் உண்டு. அவர்களுள் முதன்மையானவர் சதீஷ் பாஸ்கர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் படிப்பை விட்டுவிட்டுக் கடலாமைகளைத் தேடிச் சென்ற இவர், சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளையின் சார்பில் நாட்டின் கடற்கரையில் 4,000 கிலோ மீட்டருக்கு மேல் நடந்தே ஆராய்ந்தார். பெரிய நிக்கோபாரில் தோணி ஆமைகள் முட்டையிடுவதை 1970களின் இறுதியில் ஆராய்ந்து பதிவு செய்தவர் இவர்.

இலட்சத்தீவுக் கூட்டத்தின் சுகேலித் தீவில் பேராமைகள் தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் முட்டையிடுகின்றன. அப்பருவத்தில் படகுப் போக்குவரத்து நின்றுவிடும். ஆகவே அக்காலத்திய விவரம் வேண்டுமெனில், மழைக்கு முன் சென்று மழை ஓயும் வரை அங்கேயே தங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1982ஆம் ஆண்டில் ஐந்து மாத உணவுப் பொருள்களுடன் பாஸ்கர் தனியராக அத்தீவில் தங்கினார். சென்னையிலிருந்த தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். 24 நாட்களுக்குப் பின் இலங்கையில் ஒரு மீனவர் அதைக் கண்டெடுத்து உரிய முகவரிக்கு அனுப்பிவைத்தார். 2023ஆம் ஆண்டில் பாஸ்கர் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் இன்றும் ஒப்பீட்டுக்கு அடிப்படையாக உள்ளன.

புகழ் பெற்ற பெயர்களுக்குப் பின்னால் பெயர் வெளிவராத களப்பணியாளர்கள் உள்ளனர். 1925 முதல் மத்திய அந்தமானில் குடியேறிய கரேன் மக்களிலிருந்து வந்தவர்கள், படகு செலுத்துவதிலும் காட்டில் தடம் காண்பதிலும் தேர்ந்தவர்கள். வண்டூரிலுள்ள அந்தமான்-நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவின் ஆய்வுகளில் இவர்களது பங்கு பெரிது. இரவு முழுவதும் கரையில் நடந்து கூடுகளை எண்ணுபவர் பெரும்பாலும் நாட்கூலி பெறும் உள்ளூர்வாசி. அறிக்கையின் அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அத்தகைய ஒருவரின் ஓர் இரவு உழைப்பு எனலாம்.

புகைப்படம்: சான்றும் இடையூறும்

புகைப்படம் இன்று ஆய்வுக் கருவியாகவும் விளங்குகிறது. தோணி ஆமையின் உச்சந்தலையில் உள்ள இளஞ்சிவப்புத் தழும்பு ஆமைக்கு ஆமை மாறுபடும். அதைப் படமெடுத்து ஒப்பிட்டுத் தனி ஆமையை அடையாளம் காணலாம். ஒரே பவளப்பாறையை ஒரே கோணத்தில் ஆண்டுதோறும் படம் பிடித்தால், கடல்நீர் வெப்பமடைந்து பவளம் வெளுத்ததையும் மீண்டதையும் காணலாம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமானில் இவ்வெளுப்பு நேர்ந்தது. இடமும் நாளும் குறிக்கப்பட்ட படம் ஆவணமாகும். குறிக்கப்படாதது அழகுப் பொருள் மட்டுமே.

ஆனால் படம் பிடிப்பவரால் உயிரினத்துக்குக் கேடு விளையவும் கூடும். இருவாசியின் பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவையே இரை கொணர்ந்து ஊட்டும். கூட்டருகே மனிதர் நின்றால் ஆண் நெருங்காது. உள்ளிருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும். இலட்சத்தீவின் பிட்டித் தீவில் ஆலாப் பறவைகள் திறந்த மணலில் முட்டையிடுகின்றன. மனிதர் காலடி வைத்தவுடன் அவை கூட்டமாக எழுந்து பறக்க, முட்டைகள் வெயிலில் வெந்துபோகின்றன. கரையேறும் ஆமை கண்ணில் ஒளி பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். எனவே முட்டையிடத் தொடங்கும் வரை காத்திருத்தல், மின்வெட்டொளியைத் தவிர்த்தல், மங்கிய சிவப்பு விளக்கைப் பயன்படுத்துதல் ஆகியவை களநெறிகள்.

சட்டமும் இதை உணர்ந்துள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, சரணாலயத்தில் வசிப்போருடன் சட்டபூர்வமான அலுவல் ஆகியவற்றுக்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் நுழைவு அனுமதி அளிக்கலாம். 2022ஆம் ஆண்டின் திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் அதற்கும் உயிரினங்களுக்கும் ஊறு விளைவிக்காமலும் படம் எடுக்க வேண்டும் என்ற வரம்பை இப்பிரிவிலேயே சேர்த்தது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை பொருந்தும். அங்கு அனுமதியின்றி நுழைவதும் படம் எடுப்பதும் குற்றமாகும். மனிதர் காட்சிப் பொருளல்லர் என்பதே அதன் உட்கருத்து.

காவலில் பங்காளிகள்

களஆய்வு எவ்வாறு கொள்கையாக மாறுகிறது என்பதற்கு உழவாரக் குருவி நல்ல சான்று. குகைகளில் தன் உமிழ்நீரால் கூடு கட்டும் இச்சிறு பறவையின் கூட்டுக்கு வெளிநாட்டுச் சந்தையில் மிகுந்த விலை. கூடு முழுமையடையுமுன், முட்டையோடும் குஞ்சோடும் பிய்த்தெடுக்கப்பட்டதால் இனம் விரைந்து குறைந்தது. கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் குகை குகையாகச் சென்று இதைக் கண்டறிந்தார். தடை மட்டும் போதாது என்பதும் அவர் கண்ட உண்மை. எட்டாத குகைக்குக் காவல் போட முடியாது. ஆனால் கூடு எடுப்பவருக்குக் குகை அத்துப்படி. எனவே வனத்துறையுடன் இணைந்து, கூடு எடுத்தவர்களையே காவலர்களாக அமர்த்தும் திட்டம் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட, மத்திய அந்தமானில் நடைமுறைக்கு வந்தது. குஞ்சு பறந்து சென்ற பின் கூட்டை எடுத்தால் பறவைக்கு இழப்பில்லை. மனிதருக்கும் வருவாய் உண்டு என்பதே அதன் அடிப்படை. 2002ஆம் ஆண்டில் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட இப்பறவை, இத்தகைய மேலாண்மைக்கு வழிவிடும் பொருட்டு 2009ஆம் ஆண்டில் அதிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியிலேயே சங்கரன் மறைந்தது பேரிழப்பாகும்.

இன்றைய தேவை

பெரிய நிக்கோபாரில் சரக்குப் பெயர்ச்சித் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் ஆகியவற்றை அமைக்கும் பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோ மீட்டர் காடு இதற்குத் தேவைப்படுகிறது. துறைமுகத்துக்குரிய இடம் கலாத்தியா வளைகுடா. அங்கிருந்த சரணாலய அறிவிப்பு 2021 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2022ஆம் ஆண்டில் தோணி ஆமைக்குச் சிறிய நிக்கோபாரிலும், மெகபோட் பறவைக்கு மென்சால் தீவிலும், பவளத்துக்கு மெரோத் தீவிலும் புதிய சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன.

இத்திட்டத்தின் பொருளாதாரப் பயனை மதிப்பிடுவோர் உளர். ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் நிலை குறித்தும் காட்டின் இழப்பு குறித்தும் கவலை தெரிவிப்போரும் உளர். எப்பக்கம் நின்றாலும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரு கரையில் பழகிய ஆமை வேறொரு தீவின் கரையை ஏற்குமா? இதற்கு விடை தில்லியில் கோப்பில் கிடைக்காது. இரு கரைகளிலும் ஆண்டுதோறும் எண்ணினால்தான் கிடைக்கும். சிறிய அந்தமானில் தக்ஷின் ஃபவுண்டேஷனும் இந்திய அறிவியல் கழகமும் வனத்துறையுடன் சேர்ந்து 2008 முதல் நடத்திவரும் கண்காணிப்பு இதற்கு முன்மாதிரி. அங்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகளில் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடல் நோக்கியும், சில ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடல் நோக்கியும் சென்றது தெரியவந்தது. நம் கரையில் நேரும் இழப்பு இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் இழப்பு என்பது இதனால் விளங்கும்.

இங்கு நான்கு கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, கணக்கெடுப்புக்கான நிதி இரண்டு, மூன்று ஆண்டுத் திட்டங்களாகத் துண்டு துண்டாக அளிக்கப்படுகிறது. தொடர்க் கணக்கின் மதிப்பு நீளத்தில் உள்ளது. ஓராண்டு விட்டுப்போனால் அதைப் பின்னர் எவ்வளவு செலவிட்டும் ஈடு செய்ய இயலாது. வானிலைப் பதிவுக்கு இருப்பதுபோல் இதற்கும் நிலையான ஒதுக்கீடு வேண்டும். கட்டுமானத்துக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் ஒரு படகு, ஒரு முகாம், பத்துப் பணியாளர்களுக்கான செலவு மிகச் சிறியது.

இரண்டாவதாக, உள்ளூர்க் களப்பணியாளர்களுக்கு நிரந்தரப் பணியும், விபத்துக் காப்பீடும், அறிக்கைகளில் பெயரும் அளிக்கப்பட வேண்டும். 2004ஆம் ஆண்டில் உயிர் துறந்தவர்களை நினைவுகூர்வதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

மூன்றாவதாக, அனுமதி பெற்று எடுக்கப்படும் படங்களின் ஒரு படி, இடமும் நாளும் குறித்து, வனத்துறையிடமோ, 1977 முதல் இத்தீவுகளில் மண்டல நிலையம் நடத்திவரும் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையிடமோ சேர்க்கப்பட வேண்டும். அனுமதி நிபந்தனையாகவே இதை வைக்கலாம்.

நான்காவதாக, கணக்கு விவரங்கள் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். அரிய உயிரினங்களின் கூட்டிருப்பிடத்தை மறைத்துவைப்பது முறையே. எண்ணிக்கையை மறைக்கக் காரணமில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிய பின்னரே பவளப்பாறை அகழ்வின் விளைவு தமிழ்நாட்டில் பரவலாக உணரப்பட்டது. பெரிய நிக்கோபாரில் அவ்வாறு காலங்கடந்து அறியும் நிலை ஏற்படலாகாது. கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் தோணி ஆமைகள் கரையேறும் ஒவ்வொரு பருவத்திலும் கலாத்தியாவிலும் சிறிய நிக்கோபாரிலும் எண்ணுவதற்கு ஆட்கள் இருக்க வேண்டும். ஆமைகள் குறைகின்றன என்று கணக்குக் காட்டுமானால், பணியின் வேகத்தையும் முறையையும் மாற்றும் அதிகாரம் அக்கணக்குக்கு இருத்தல் வேண்டும். அவ்வாறின்றேல் எண்ணுவது வெறும் சடங்காகிவிடும்.